ஜோடிப் பிரிட்ஜ் போட்டிக்கு யாரோடு போவது?

“அக்கா, சனிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணுமாம். எங்க வீட்டுக்காரரோட ஆடட்டுமா, இல்ல கூட வேலை பார்க்கிற பொண்ணோட ஆடட்டுமா?”

காவேரிப்பட்டணத்திலிருந்து போன வாரம் வந்த போன் இது. பேசியவர் பிரிட்ஜ் கற்றுக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடியாக, நாலு பேர் ஆடும் சீட்டாட்டம் அது. ஓசூரில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை டூப்ளிகேட் ஜோடிப் போட்டி. ஏழு மேசை, பதினான்கு ஜோடி. இதே கேள்வியை இரண்டு வருஷத்தில் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் எனக்குத் தெரிந்து பிரிட்ஜ் ஆடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிடைத்த ஆளோடு போக வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கிடைத்த ஆளோடு போய், போட்டியையும் தோற்று, அந்த ஆளையும் ஆறு மாதம் இழந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

வீட்டு ஆள், பல வருஷமாகக் கூட ஆடுகிறவர், நம்மைவிடப் பெரிய ஆட்டக்காரர், அங்கே போனதும் சேர்த்துவிடும் ஆள் என்று நாலு வகைப் பார்ட்னரோடும் உட்கார்ந்திருக்கிறேன். ஆளை எடைபோடும் முன்னால் எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்துப் பார்ப்பது

வீட்டுத் திண்ணையில் ஆடும் சீட்டில் நல்ல கை வந்தவர் ஜெயிப்பார். டூப்ளிகேட்டில் அந்தச் சாக்கு கிடையாது. 52 சீட்டையும் நாலு கையாகப் பிரித்து, நாலு பை உள்ள ஒரு தட்டில் வைத்து, மேசை மேசையாக அனுப்புவார்கள். அதற்குப் பெயர் போர்டு. ஏழு மேசை என்றால் வடக்கு-தெற்கு ஜோடிகள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். கிழக்கு-மேற்கு ஜோடிகள் சுற்றுக்குச் சுற்று அடுத்த மேசைக்கு நகர்வார்கள். போர்டுகள் எதிர்த் திசையில் போகும். ஏழு சுற்று, சுற்றுக்கு நாலு போர்டு, மொத்தம் 28. உங்கள் கைக்கு வந்த அதே 13 சீட்டு வேறு ஆறு பேர் கைக்கும் போகிறது. அவர்களில் நீங்கள் முந்தும் ஒவ்வொரு ஜோடிக்கும் 2 பாயிண்ட், சமமாக நின்றால் 1. ஆக ஒரு போர்டுக்கு அதிகபட்சம் 12.

ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஜோடி நாலு ஸ்பேட் கேட்டு (ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஆறோடு நாலு, பத்துப் பிடி எடுக்கிறோம் என்று ஏலத்தில் சொல்லி) 11 பிடி பிடித்து 450 வாங்கினார்கள். இரண்டு ஜோடி மூன்று நோ டிரம்ப் (துருப்பே இல்லாமல் ஒன்பது பிடி) கேட்டு 10 பிடித்து 430. இரண்டு ஜோடி நாலு ஸ்பேட் கேட்டு சரியாக 10 பிடித்து 420. ஒரு ஜோடி ஒன்று குறைந்து மைனஸ் 50. இதில் 450 வாங்கியவர்களுக்கு 11 பாயிண்ட், 430-க்கு 7, 420-க்கு வெறும் 3. திண்ணையில் யாரும் கண்டுகொள்ளாத ஒரே ஒரு உபரிப் பிடி இங்கே 8 பாயிண்ட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் ஒரு நாள் ஜோடிப் போட்டியில் அசாத்தியமான ஆட்டத்தைவிடச் சின்னத் தப்பு இல்லாத ஆட்டம்தான் சோறு போடும். பார்ட்னரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் கேள்விகள் இதிலிருந்து வருகிறவை.

பேசி வைத்தது எவ்வளவு? ஒரு நோ டிரம்ப் என்று தொடங்கினால் கையின் பலம் 15 முதல் 17 பாயிண்ட் வரையா, 12 முதல் 14 வரையா? அதற்கு இரண்டு கிளப் கேட்டால் ஸ்டேமனா, அதாவது நாலு ஹார்ட்டோ நாலு ஸ்பேடோ இருக்கிறதா என்ற கேள்வியா? இதெல்லாம் எல்லோரும் பேசிவிடுவார்கள். எதிராளி நடுவில் புகுந்து எதையாவது கேட்டுவிட்டால் அப்போதும் அதே அர்த்தமா என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. குழி அங்கேதான் இருக்கிறது.

தடுத்து ஆடுவது எப்படி? இந்தக் கணக்கைப் பலர் யோசிப்பதே இல்லை. 28 போர்டில் சராசரியாக 7-ல் நீங்கள் ஆட்டத்தை நடத்துவீர்கள். 7-ல் டம்மியாகச் சீட்டை விரித்துவிட்டுச் சும்மா இருப்பீர்கள். மீதி 14-ல் எதிராளியைத் தடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாதி நாள் டிஃபென்ஸ்தான். அதில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, பார்ட்னர் போடும் சின்னச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமா என்பதே பெரிது.

வாயும் முகமும். தப்பு நடக்கும்போது பார்ட்னர் என்ன செய்வார்? அடுத்த போர்டுக்கு ஏழெட்டு நிமிஷம்தான். அதற்குள் மனது திரும்ப வேண்டும்.

வழியும் நேரமும். 28 போர்டு என்றால் ஆட்டம் மட்டும் மூன்றரை மணி நேரம். போக வர, சாப்பாடு, ரிசல்ட் என்று ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் இல்லை. ஓசூருக்கு 50 கிலோமீட்டர் பஸ் அல்லது கார். தர்மபுரிக்காரர்களுக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ரயிலும் உண்டு, ரோடும் உண்டு.

எதற்காகப் போகிறோம்? ஜெயிக்கவா, கற்றுக்கொள்ளவா, நாலு மனுஷரைப் பார்த்துவிட்டு வரவா? இதற்கு உண்மையான பதிலை நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## வீட்டு ஆளோடு போவது

கணவன் மனைவியோ, அண்ணன் தம்பியோ, மச்சானோ, எல்லாம் இதில்தான் வரும்.

நல்ல பக்கம் வெளிப்படை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து போர்டுக்கு ஏலம் பேசிப் பார்க்கலாம். ஒரே கார், ஒரே பெட்ரோல். பெண்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. “ஞாயித்துக்கிழமை சீட்டாடப் போறாளாம்” என்று தெருவில் பேச்சு வந்தால், புருஷனும் கூட இருந்தால் அது பாதியாகிவிடும். காசு வைத்து ஆடுவதில்லை, இது சதுரங்கம் மாதிரி என்று நான் எத்தனை பேருக்கு விளக்குவது? சீட்டு என்றாலே மூணு சீட்டு என்றுதான் இங்கே நினைப்பு.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் கண்ணைக் காட்டியே பேசிப் பழகியவர்கள் நாம். டூப்ளிகேட்டில் அது குற்றம். பார்ட்னரின் பெருமூச்சிலிருந்தோ தயக்கத்திலிருந்தோ கிடைத்த தகவலை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று பிரிட்ஜ் சட்டப் புத்தகமே சொல்கிறது. வாயால் சொன்னால் தொனி காட்டிக்கொடுக்கும் என்றுதான் ஏலத்தைச் சொல்லாமல் எடுத்து வைக்க, அச்சடித்த அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அட்டைக்குத் தொனி இல்லை. ஆனால் அட்டையை எடுக்க ஆகும் நேரத்துக்குத் தொனி உண்டே.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வலப்பக்கத்து எதிராளி ஒரு ஹார்ட். நான் ஒரு ஸ்பேட். இடப்பக்கத்தவர், படி தாண்டிக் கேட்கப் போகிறேன் என்று காட்டும் ஸ்டாப் அட்டையை வைத்துவிட்டு ஒரேயடியாக நாலு ஹார்ட். என் வீட்டுக்காரர் பெட்டியில் கை வைத்தார், எடுத்தார், மீசையைத் தடவினார், திரும்பக் கை வைத்தார். ஒரு நிமிஷம் இருக்கும். கடைசியில் பச்சை பாஸ் அட்டையை வைத்தார். அடுத்தவரும் பாஸ். என்னிடம் ஆறு ஸ்பேட் இருந்தது, நாலு ஸ்பேட் கேட்டேன், அடித்தும் விட்டேன். 420 என்று எழுதப் போகும்போது எதிராளி டைரக்டரை, அதாவது போட்டி நடுவரைக் கூப்பிட்டார். டைரக்டர் வந்து கேட்டார்: “அவர் டக்குனு பாஸ் சொல்லியிருந்தா நீங்களும் பாஸ் சொல்லியிருக்க வாய்ப்பு இருக்கா?” இருக்கிறது என்பதுதான் நிஜம். ஸ்கோரை மாற்றி, எதிராளி நாலு ஹார்ட் ஆடி ஜெயித்ததாக எழுதினார்.

சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது தன்னைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. மீதிப் போர்டுகள் எல்லாவற்றிலும் எதையும் யோசிக்காமல் படபடவென்று அட்டையை வைத்துத் தள்ளினார். திரும்பி வரும்போது சூளகிரி தாண்டுவதற்குள் பேச்சு அந்த நாலு ஸ்பேடிலிருந்து என் தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் வீட்டில் ஒரு விதி போட்டோம்: கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டும் வரை போர்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. டோல்கேட் வருவதற்குள் பசி வந்துவிடும். பசி வந்தால் ஆட்டம் மறந்துவிடும்.

வீட்டு ஆளோடு போவது எப்போது நல்லது? முதல் போட்டி, ரிசல்ட்டைப் பற்றிக் கவலை இல்லை, இடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வரலாம் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. வீட்டில் சமையல், பிள்ளை படிப்பு, கடன் எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பேசித் தீர்க்கும் ஜோடிகளும் இருக்கிறார்கள். அவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கணும்.

## வழக்கமான கூட்டாளியோடு போவது

என் வழக்கமான பார்ட்னர் தர்மபுரிக்காரர், பணி ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அம்மா என்பார். எட்டு வருஷமாக மாதம் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டு மாடியில் ஒரு மேசை போடுவோம். பஸ்ஸில் வரும்போது காவேரிப்பட்டணத்தில் இறங்கி நிப்பட்டு வாங்கிக்கொண்டு வருவார். சீட்டில் எண்ணெய் படக் கூடாது என்று ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றித்தான் தின்ன விடுவார்.

இந்த வகைப் பார்ட்னரின் மதிப்பு ஏலத்தில் அவ்வளவாகத் தெரியாது. டிஃபென்ஸில் தெரியும். ஒரு போர்டு. எதிராளி மூன்று நோ டிரம்ப் ஆடுகிறார். சார் முதல் சீட்டாக ஸ்பேட் இரண்டைப் போட்டார். நாங்கள் நீளமான வரிசையிலிருந்து நாலாவது பெரிய சீட்டைப் போடுகிறவர்கள். இரண்டுக்குக் கீழே சீட்டே கிடையாது. ஆகவே அவரிடம் நாலு ஸ்பேட்தான், ஐந்து இல்லை. டம்மியில் மூன்று, என்னிடம் ராஜாவோடு மூன்று. மிச்சம் மூன்று ஆட்டத்தை நடத்தும் எதிராளியிடம். டம்மியின் சீட்டு விழுவதற்குள் அந்த வரிசையின் 13 சீட்டும் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து சீட்டு வரிசையாக இருந்தால் ராஜாவால் பிடித்துவிட்டு ஸ்பேடையே திருப்பியிருப்பேன். நாலு மட்டும் என்றால் ஸ்பேடில் எவ்வளவு போனாலும் நாலு பிடி, ஆட்டத்தை உடைக்க ஐந்து வேண்டும். ராஜாவால் பிடித்ததும் ஹார்ட் பக்கம் திரும்பினேன். காண்ட்ராக்ட் (அவர்கள் ஏலத்தில் கேட்டது) உடையவில்லை, ஆனால் ஒன்பது பிடியோடு நின்றது. எதிராளிக்கு 400. மற்ற மேசைகளில் 430. அணிப் போட்டியாக இருந்தால் அந்த 30-க்கு 1 இம்ப்தான் (அணிப் போட்டியில் கணக்கிடும் பாயிண்ட்). ஜோடிப் போட்டியில் எங்களுக்கு 12-க்கு 12.

இதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. சார் எப்போதும் நாலாவது சீட்டைத்தான் போடுவார் என்ற நம்பிக்கை மட்டும்தான். அந்த நம்பிக்கை வாட்ஸ்அப்பில் பேசி வருவதில்லை.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது நினைவிருக்கலாம். பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. தங்கம் வாங்குகிறவர்களின் வயதா இது என்று பலர் வியந்தார்கள். மாடியில் எட்டு வருஷம் ஒரே முகத்தைப் பார்த்து ஆடிய எனக்கு அதில் வியப்பு இல்லை.

சரி, இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் அது தப்பு என்றே தெரியாது. நாலு நோ டிரம்ப் கேட்டு ஏஸ்களையும் துருப்பு ராஜாவையும் விசாரிக்கும்போது, இரண்டு இருக்கிறது, துருப்பு ராணி இல்லை என்றால் ஐந்து ஹார்ட், ராணியும் இருந்தால் ஐந்து ஸ்பேட். இதை நாங்கள் இருவரும் தலைகீழாகக் கற்று வைத்திருந்தோம். எங்களுக்குள் அருமையாக வேலை செய்தது! வேறொருவரோடு ஆடப் போனபோது அவர் ஐந்து ஹார்ட் சொல்ல, ராணி இருக்கிறது என்று நம்பி ஸ்லாம் (12 பிடி) கேட்டு, ஒன்று குறைந்து தோற்றேன். எத்தனை வருஷத்துத் தப்பு என்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்று, வேகம். சார் மெதுவாக ஆடுவார். மாடியில் ஒரு போர்டுக்குப் பதினைந்து நிமிஷம் எடுத்தாலும் கேட்பார் இல்லை. போட்டியில் பின்னால் வரும் மேசை காத்துக்கொண்டிருக்கும். டைரக்டர் வந்து தலைக்கு மேல் நிற்பார்.

அப்புறம், வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம். ஒரு பெண் உறவில்லாத ஒரு ஆணோடு முழு நாள் வெளியூர் போவதை இந்த ஊர் சும்மா விடாது. சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் மகள் இருப்பது ஓசூரில். போட்டி என்றால் அவரும் அவர் மனைவியும் முதல் நாளே ரயிலில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் காலையில் பஸ்ஸில் நேரே மன்றத்துக்கு. சாயங்காலம் அவர் மகள் வீட்டில் எல்லோருக்கும் களியும் குழம்பும். அந்தச் சாப்பாட்டுக்காகவே நான் சில போட்டிகளுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன்.

நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. மொத்தப் பாயிண்ட்டில் 50 சதவீதம் வாங்கினால் சராசரி. 60 தொட்டால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்துவிடலாம். 60-ஐ நான் தொட்டது இரண்டே முறை. இரண்டும் சாரோடு.

## பெரிய ஆட்டக்காரரோடு போவது

பெங்களூரிலிருந்து ஓசூருக்கு 40 கிலோமீட்டர்தான் என்பதால் அங்கிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள். சில சமயம் அவர்களில் ஒருவருக்குப் பார்ட்னர் இல்லாமல் போய், “நீங்க வர்றீங்களா?” என்று நமக்குப் போன் வரும். மனசு ஜிவ்வென்று ஏறும். நானும் ஒருமுறை ஏறினேன்.

போனில் இருபது நிமிஷம் பேசினோம். ஸ்டேமன், டிரான்ஸ்பர் (ஒரு வரிசையைச் சொல்லி, அதற்கு அடுத்த வரிசையைப் பார்ட்னரைச் சொல்ல வைப்பது), பிளாக்வுட் (நாலு நோ டிரம்ப் கேட்டு ஏஸ்களை விசாரிப்பது), எல்லாம் சரி. போட்டியில் இரண்டாவது சுற்று. எதிராளி ஒரு டைமண்ட் என்று தொடங்க, இவர் ஒரு நோ டிரம்ப் கேட்டார். அடுத்தவர் பாஸ். என்னிடம் ஐந்து ஸ்பேட், இரண்டே ஹார்ட், கையில் பலமே இல்லை. டிரான்ஸ்பர் என்று நினைத்து இரண்டு ஹார்ட் வைத்தேன். அவர் இரண்டு ஸ்பேட் சொல்லணும். பாஸ் சொல்லிவிட்டார். நாமே முதலில் நோ டிரம்ப் சொன்னால்தான் டிரான்ஸ்பர்; எதிராளி தொடங்கிய பிறகு சொன்னால் கேட்டது கேட்டபடி என்பது அவர் பழக்கம். இரண்டு வழியும் நல்ல வழிதான். எது நம் வழி என்று பேசவில்லை, அவ்வளவுதான். என் இரண்டு ஹார்ட்டும் அவர் மூன்று ஹார்ட்டுமாக, எதிராளியிடம் எட்டுத் துருப்பு இருக்க, நான் ஆடி முடித்தபோது மூன்று குறைந்து மைனஸ் 150. மற்றவர்கள் இரண்டு ஸ்பேட் ஆடி 110 வாங்கியிருந்தார்கள். எங்களுக்கு 12-க்கு 0.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு அடுத்த போர்டிலிருந்து சீட்டை எடுத்தார். அந்தக் கண்ணாடி துடைத்ததை என்னால் அன்றைக்கு மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பத்துப் போர்டில் நான் என் சீட்டைப் பார்த்து ஆடவில்லை, அவர் முகத்தைப் பார்த்து ஆடினேன். அவரும் மெல்ல என்னை நம்புவதை விட்டார். ஆட்டத்தைத் தானே நடத்தும்படி நோ டிரம்ப் பக்கமே இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் 44 சதவீதம். சாரோடு போயிருந்தால் 50 வந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போட்டி முடிந்து டீக்கடையில் நின்று 28 போர்டையும் ஒன்றுவிடாமல் நினைவிலிருந்து சொன்னார். எங்கே நான் ஒரு பிடி விட்டேன், எங்கே அவரே விட்டார் என்று. அந்த முக்கால் மணி நேரத்தில் கற்றதை மாடியில் ஒரு வருஷம் ஆடினாலும் கற்றிருக்க மாட்டேன். துருப்பு ராணி விஷயம் தலைகீழ் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஆக, கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்றால் தயங்காமல் போங்கள். போட்டிக்கு முன்னால் இரண்டு மூன்று சாயங்காலம் இணையத்தில் பிரிட்ஜ் ஆடும் பிபிஓ தளத்தில் அவரோடு ஏல மேசை போட்டுப் பாருங்கள். அதற்கு அவருக்கு நேரமில்லை என்றால், அவர் தேடுவது பார்ட்னரை இல்லை, காலி நாற்காலிக்கு ஒரு ஆளை.

## அங்கேயே சேர்த்துவிடும் ஆளோடு ஆடுவது

தனியாக வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால், இன்னொரு தனி ஆளோடு சேர்த்துவிடுவதுண்டு. இதில் எதிர்பார்ப்பு இல்லை, அதனால் கோபமும் இல்லை. பயிற்சி நேரம் பத்து நிமிஷம். ஆள் நல்லவராக அமைந்தால் அடுத்த வருஷத்துக்கு ஒரு பார்ட்னர் கிடைத்த மாதிரி. அமையாவிட்டால் மூன்றரை மணி நேரம் பல்லைக் கடிக்கணும். இரண்டாவது தனி ஆள் வராமல் போனால் வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து போகிறவர்களுக்கு அது 100 கிலோமீட்டர் வேடிக்கை. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் சொல்வேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டு ஆள் | வழக்கமான கூட்டாளி | பெரிய ஆட்டக்காரர் | சேர்த்துவிடும் ஆள் |
|---|---|---|---|---|
| பேசி வைத்தது | நேரம் நிறைய, ஒழுங்கு குறைவு | நிறைய | மேலோட்டம் | பத்து நிமிஷம் |
| டிஃபென்ஸ் | பேசிப் பழகினால் உண்டு | மிக நன்று | அவருக்குப் புரியும், நமக்குப் புரியாது | அதிர்ஷ்டம் |
| தப்பு நடந்தால் | கார் வரை வரும் | அடுத்த போர்டில் மறக்கும் | நமக்கே பயம் பிடிக்கும் | யாருக்கும் கவலையில்லை |
| வழிச் செலவு | ஒரே கார் | தனித்தனி | தனித்தனி | தனியாக |
| மறைந்திருக்கும் செலவு | பழைய சண்டைகள், முகக் குறிப்பு | ஒரே தப்பு இருவருக்கும் | தன்னம்பிக்கை | நாளே வீணாகலாம் |
| யாருக்கு | முதல் போட்டிக்கு | இடம் பிடிக்க நினைப்பவருக்கு | கற்க வருகிறவருக்கு | உள்ளூர்க்காரருக்கு |

## யாரோடு போனாலும் பேசிவிட வேண்டியவை

ஒரு நோ டிரம்ப்பின் எல்லை. நாம் நோ டிரம்ப் சொன்ன பிறகு எதிராளி புகுந்தாலோ, எதிராளி தொடங்கிய பிறகு நாம் நோ டிரம்ப் சொன்னாலோ டிரான்ஸ்பர் உண்டா இல்லையா. முதல் சீட்டு நாலாவதா, மூன்றாவது-ஐந்தாவதா. பெரிய சீட்டைப் போட்டால் “இதையே தொடரு” என்று அர்த்தமா, சின்னதைப் போட்டாலா. நாலு நோ டிரம்ப்புக்குப் பதில். இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் தெரியும் என்றால் இவ்வளவு மட்டும் ஆடுங்கள். முந்தின ராத்திரி வீடியோ பார்த்துப் புதுசாக ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் மட்டும் ஆடிப் பழகியவர்கள் ஒருமுறையாவது நிஜச் சீட்டில் ஆடிவிட்டுப் போவது நல்லது. திரையில் தப்பான சீட்டைப் போட விடாது. மேசையிலோ, கிளப் போட வேண்டிய நேரத்தில் கையில் கிளப் இருந்தும் தவறிப்போய் ஸ்பேடைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அதற்கு ஒன்றோ இரண்டோ பிடி அபராதம். போர்டிலிருந்து கையை எடுத்ததும் திருப்பிப் பார்க்காமல் 13 இருக்கிறதா என்று எண்ணணும். ஆட்டின், கிளாவர், இஸ்பேட் என்று வளர்ந்தவர்கள் பதற்றத்தில் ஹார்ட்டை ஆட்டின் என்று சொன்னாலும் பரவாயில்லை, ஓசூரில் எல்லோருக்கும் புரியும்.

காவேரிப்பட்டணத்துத் தங்கைக்கு நான் சொன்னது: கூட வேலை பார்க்கிற பெண்ணோடு மதிய இடைவேளையில் ஒரு வருஷம் ஆடியிருக்கிறாய், வீட்டுக்காரரோடு எப்போதாவதுதான் ஆடுகிறாய், அந்தப் பெண்ணோடு போ. சரிக்கா என்றார். நேற்று மறுபடி போன். அந்தப் பெண்ணின் அண்ணிக்கு அதே ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பாம், அதனால் வீட்டுக்காரர் பேரையே கொடுத்துவிட்டாராம். இப்போது என்ன செய்ய என்று கேட்டார். ஐந்து விஷயக் காகிதத்தை அனுப்பினேன். உன் வீட்டுக்காரர் யோசிக்காமல் அட்டையை வைக்கட்டும், யோசித்தால் நீ அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உன் கையை மட்டும் பார் என்றேன். கடைசியாக டோல்கேட் விதியையும் சொன்னேன். அவர்கள் ஸ்கூட்டரில் போகிறார்களாம், டோல்கேட்டில் நிற்கவே வேண்டாமே என்றார். நிற்காவிட்டால் என்ன, தாண்டும் வரை வாயைத் திறக்காதே என்றேன்.